அறுபத்தொன்று புள்ளி இரண்டு

உஷாராணி கொண்டுவந்த ரசத்தில் விஷம் இல்லை. உப்பும் இல்லை.

கிள்ளானில் இருக்கும் பரிசோதனைக்கூடத்து ஆள் போனில் சொன்ன முடிவு இவ்வளவுதான். முதல் பாதிக்கு மகாதேவா சார் தலையை மட்டும் ஆட்டினார். இரண்டாவது பாதியைக் கேட்டதும் கையிலிருந்த தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். சூடான தேத்தண்ணீரை அவர் பாதியில் வைத்து நான் பார்த்ததே இல்லை.

நான் குமுதா. எஸ்டேட் ஆபீசில் பதினொரு வருஷம் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தேன். இப்போது கோல சிலாங்கூர் படகுத்துறைக்குப் பக்கத்தில், ஒரு மீன்கடையின் மேல்மாடியில், சாருக்கு உதவியாளர், கார் ஓட்டி, சில நாள் சமையல்காரி. சார் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக முப்பது வருஷம் பொய்க் கேஸ்களைப் பிடித்துக் கொடுத்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்து வம்சம். என்னை 'நீர்' என்றுதான் கூப்பிடுவார். திட்டும்போதும் அந்த மரியாதை குறையாது என்பதுதான் எரிச்சல்.

கேஸ் இதுதான். உஷாராணியின் கணவன் அகிலன், பத்தாங் பெர்ஜுந்தாய்ப் பக்கத்து எஸ்டேட்டில் செம்பனைக் குலை வெட்டுகிறவன். மேற்குக் கரை குத்துச்சண்டை வாரியத்தின் 61.2 கிலோ வகுப்புச் சாம்பியனும் அவனே. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு வகுப்பு மேலே ஏறி, 63.5 கிலோ சாம்பியன் சேதுவோடு மோதப் போகிறான். மேல் வகுப்புக்குப் போகிறவன் கொஞ்சம் சதை போட வேண்டும். இவனோ நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டிருந்தான். சேதுவின் மேனேஜர் வசீகரன் அடிக்கடி எஸ்டேட் பக்கம் வந்து போவதாகவும், அந்த ஆள்தான் ஏதோ கலக்கிறான் என்றும் உஷாராணிக்குச் சந்தேகம். புருஷன் குடித்து மிச்சம் வைத்த ரசத்தை ஒரு போத்தலில் ஊற்றி எங்களிடம் கொண்டுவந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தோற்றாலும் சொந்த வகுப்புப் பெல்ட் போகாது என்பதால் அவளுக்குக் கவலை இல்லை. அக்டோபரில் மணிலாவில் ஒரு பெரிய சண்டை இருக்கிறது. 61.2 பெல்ட் யார் கையில் இருக்கிறதோ அவனுக்குத்தான் அழைப்பு. அகிலனுக்கு முப்பத்தொரு வயது. இன்னொரு அழைப்பு வர அவன் உடம்பு காத்திருக்காது. எங்கள் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து அவள் இதைச் சொன்னபோது குரல் நடுங்கவில்லை. மடியிலிருந்த கைப்பைதான் கசங்கியது.

சார் அவளுக்குப் போன் போட்டு உப்பைப் பற்றிக் கேட்டார்.

"காப்புக் கட்டியிருக்காரு சார்," என்றாள். "பிள்ளைக்கு டெங்கி வந்து ஆஸ்பத்திரில கெடந்தப்ப நான்தான் அம்மனுக்கு வேண்டிக்கிட்டேன். ஒம்பது நாள் உப்பில்லாத சாப்பாடு, அதுவும் வெளக்கு வெச்சப்புறம் ஒரு வேளை. அதுவரைக்கும் பச்சத் தண்ணி கூட கிடையாது. அதுக்குன்னு இவ்ளோ எளைப்பாங்களா?"

ஞாயிறு காலை பால்குடம், மத்தியானம் காப்பு அவிழ்ப்பு, சாயங்காலம் குத்துச்சண்டை. அம்மனுக்கும் வாரியத்துக்கும் வேறு நாளே கிடைக்கவில்லை போலிருக்கிறது.

வேண்டுதல் என்றதும் நான் அந்தக் கேள்வியை மூடிவிட்டேன். நம் ஆட்கள் அப்படித்தான். பூட்டிய வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்று கேட்போம், கையில் மஞ்சள் கயிறு கட்டியவனிடம் ஏன் கட்டினாய் என்று கேட்க மாட்டோம். விரதம் இருந்தால் இளைக்கத்தான் செய்வான், கேஸ் முடிந்தது என்று சாரிடம் சொன்னேன்.

அவர் தன் நோட்டில் மூன்றே வார்த்தை எழுதினார். 'ஏன் இந்த வருஷம்?'

வெள்ளிக்கிழமை காலையில் பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் போனோம். அரசாங்கப் பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று போட்டிருந்தாலும் எஸ்டேட்டுக்காரர்கள் வாயில் அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தாய்தான். அகிலன் பயிற்சி செய்கிற இடம் எஸ்டேட்டின் பழைய ரப்பர் ஸ்டோர். உள்ளே ஒரு மணல் மூட்டை தொங்கியது. மூலையில், அந்தக் காலத்தில் ரப்பர் ஷீட் எடை போட்ட பெரிய தராசு, பச்சைப் பெயிண்ட் அடித்து மினுமினுவென்று நின்றது. நான் அதில் சாய்ந்து நின்றதுதான் தப்பு. பெயிண்ட் இன்னும் காயவில்லை. போன மாசம் வாங்கிய துப்பட்டாவில் ஒரு முழம் பச்சை.

அகிலன் கயிறு தாண்டிக்கொண்டிருந்தான். உதடு வெடித்திருந்தது. எங்களைப் பார்த்துச் சிரித்தான், நின்று பேச மூச்சு இல்லை.

அவனுடைய கோச் வீரன் மாஸ்டர்தான் பேசினார். ராசா என்கிற ஊர்க்காரர், ஐம்பத்தைந்து வயசிருக்கும், உடைந்து சேர்ந்த மூக்கு. பத்து வருஷமாக வாரத்துக்கு நாலு நாள் ராசாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து அகிலனை உருவாக்கியவர். நல்ல மனுஷர், எனக்குப் பார்த்ததுமே பிடித்தது. துப்பட்டாவைத் துடைக்க மண்ணெண்ணெய் நனைத்த துணி கொடுத்தார். சாப்பிடச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, அம்மன் காரியத்தில் நான் என்ன செய்ய முடியும் என்று வருத்தப்பட்டார்.

சார் தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் அளவுக்கோலில் அறுபத்தொன்றுக்கு நேராக, பச்சைப் பெயிண்டின் மேல், சாக்குக்கட்டியால் ஒரு கோடு இருந்தது.

"சண்டை அறுபத்து மூன்றரையில்தானே?" என்றார்.

"அது பழைய கோடு சார். அவனோட சொந்த வகுப்புக்குப் போட்டது. அப்படியே கெடக்கு."

சார் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். எனக்குத் துப்பட்டாக் கவலை.

டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வசீகரனே எங்களைக் கைகாட்டிக் கூப்பிட்டார். கழுத்தில் ஒரு சங்கிலி, சங்கிலியில் ஒரு புலிநகம், சட்டை முழுக்க வாசனை. பார்த்த மாத்திரத்தில் குற்றவாளி என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம் போலிருந்தார். அவருக்குப் பக்கத்தில் சேது உட்கார்ந்திருந்தான். வசீகரன் முன்னால் மீன் தலைக்கறி. சேது முன்னால் ஒரு டம்ளர் வெந்நீர்.

நாங்கள் உஷாராணியின் ஆட்கள் என்று அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. மறுக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ எங்கள்மேல் பழி போட்டார். சேது மூன்று வாரமாகச் சாப்பிடுவதே இல்லையாம், கேட்டால் பசியில்லை என்கிறானாம். யாரோ செய்வினை வைத்துவிட்டார்களாம். அதைத்தான் எஸ்டேட்டுக்கு நாலு தடவை வந்து விசாரித்தாராம்.

"எட தூக்குற பையன் லா இவன். ரெண்டு கோழிய ஒரே ஆளா முடிப்பான். இப்பப் பாருங்க," என்று அவனுடைய கையைப் பிடித்துக் காட்டினார். கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது.

சேது கையை இழுத்துக்கொண்டான். அதற்குள் நான் பார்த்துவிட்டேன். கல்யாண மோதிரம் கழன்று விழாமலிருக்க அடியில் மஞ்சள் நூல் சுற்றியிருந்தான். என் அண்ணி பிரசவத்துக்குப் பிறகு இளைத்தபோது செய்தது இதுதான். இவனுக்கு எந்தப் பிரசவம் என்று காருக்கு வந்ததும் சாரிடம் கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. பின் ஸீட்டிலிருந்து வாரியத்தின் விதிப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்து, "பதினாலாம் விதியை நீர் வாசியும்," என்றார்.

வாசித்தேன். கீழ் வகுப்புச் சாம்பியன் மேல் வகுப்பில் ஏறிச் சண்டை போட்டால், மேல் வகுப்புப் பட்டம் மட்டும்தான் பந்தயத்தில் இருக்கும். தோற்றாலும் அவனுடைய சொந்தப் பட்டம் வீட்டில் பத்திரமாக இருக்கும். இதுவரை எனக்கும் தெரியும். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி இருந்தது. எடை பார்க்கும்போது இரண்டு பேருமே கீழ் வகுப்பின் எல்லைக்குள் இருந்தால், அந்தப் பட்டமும் தானாகவே பந்தயத்தில் வைக்கப்பட்டதாகக் கருதப்படும்.

காரை ஓரமாக நிறுத்தினேன். பின்னால் வந்த செம்பனை லோரிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான்.

"அப்படீன்னா ரெண்டு பேரும் 61.2க்குள்ள வந்துட்டா..."

"அகிலனுடைய பெல்ட்டும் மேடை ஏறும். எடை பார்த்த கையோடு சேது சாப்பிட்டுத் தேறிவிடுவான், ஒன்பது நாள் பட்டினி கிடந்தவன் தோற்பான். சேது அந்த பெல்ட்டோடு மணிலாவுக்குப் போவான்."

சேது பட்டினி கிடப்பது அதற்குத்தான். வசீகரனின் வேலை இது, கண்ணீர் எல்லாம் நடிப்பு என்றேன். நடிக்கிறவன் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அழுவான், இந்த மனுஷன் அழுதுகொண்டே மீன் கண்ணையும் சாப்பிட்டான், அவனுக்கு ஒன்றுமே தெரியாது என்றார் சார். சேது எதிராளியைப் பட்டினி போட முடியாது. அதற்கு அகிலன் பக்கத்திலேயே ஒரு ஆள் வேண்டும்.

எஸ்டேட்டில் எல்லா முகங்களையும் ஒரு தடவை நினைத்துப் பார்த்தேன். உஷாராணி முகத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. வேண்டிக்கொண்டது அவள்தானே. இப்படி நினைத்ததற்கு எனக்கே என்மேல் கோபம் வந்தது.

வாரியத்தில் புகார் கொடுக்கலாமா என்றேன். பட்டினி கிடப்பது குற்றமில்லை என்றார். அகிலனை ஒரு போத்தல் தண்ணீர் குடிக்கச் சொல்லலாம், ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ ஏறிவிடும் என்றேன். அதற்கு சார் உஷாராணிக்கே போன் போட்டுக் கேட்டார்.

"பெல்ட்டு போனா போவட்டும் சார்," என்றாள். "பிள்ள உசுருக்கு நேர்ந்தது. அவரு வாயில தண்ணி படக் கூடாது."

அழுதாள். அகிலனின் அரைக்கால் சட்டைக்குள் ரெண்டு ஈயக் குண்டு வைத்துத் தைத்துவிடலாமா என்றுகூடக் கேட்டேன். வாரியத்தில் தடவிப் பார்த்துத்தான் ஏற்றுவார்கள் என்றார் சார்.

அப்புறம் அவர் உஷாராணியிடம் இன்னொரு கேள்வி கேட்டார். அடுத்த வருஷம் காப்புக் கட்டியிருக்கலாமே, இந்த வருஷமே கட்டு என்று யார் சொன்னது? பதிலைக் கேட்டுக்கொண்டார். எனக்குச் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டார்.

"குமுதா, உங்கள் கோயிலில் நாளைக்குக் கூழ் ஊற்றுவார்களோ?"

ஆடி மாதத்தில் கூழ் ஊற்றாத அம்மன் கோயில் எது என்று கேட்டேன்.

சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கோல சிலாங்கூரில் ஒரு மண்டபத்தில் எடை பார்த்தார்கள். எஸ்டேட்டே வந்து நின்றது. நேர்ந்துகொண்டவர்கள் வேறு மஞ்சள் துணியோடு வந்திருந்தார்கள். வாசலில் உஷாராணியும் நானும் இரண்டு பெரிய தூக்குச்சட்டிகளை வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் அம்மன் கூழ் ஊற்றிக் கொடுத்தோம். வசீகரன் மூன்று தடவை வந்தார். வாரியத்து டாக்டர் ஒரு சீனர், அவரும் ஒரு டம்ளர் குடித்துவிட்டு வெங்காயம் கேட்டார்.

சவால் விடுகிறவன் முதலில் ஏற வேண்டும். அகிலன் ஏறினான். அறுபது புள்ளி ஒன்பது. விரதக்காரன் எப்படி மெலிந்திருக்கிறான் பார் என்று யாரோ பின்னால் உச்சுக்கொட்டினார்கள். வீரன் மாஸ்டர் அவன் தோளில் துண்டைப் போட்டுத் தட்டிக்கொடுத்தார்.

அடுத்தது சேது. மண்டப மூலையில் சோதித்துப் பார்ப்பதற்கென்று இன்னொரு தராசு வைத்திருந்தார்கள். சட்டையைக் கழற்றிவிட்டு அவன் அதில் ஏறி இறங்கியதை நான் பார்த்துக்கொண்டேன். சரியாக அறுபத்தொன்று. மேடையை நோக்கி நடந்தான். உஷாராணி குறுக்கே போய் நின்றாள். கையில் சொம்பு நிறையக் கூழ்.

"அம்மன் கூழுண்ணே," என்றாள். "எங்க வீட்டு வேண்டுதலுக்கு ஊத்துறது. குடிச்சிட்டு ஏறுங்க."

சேது நின்றுவிட்டான். எடை பார்த்த பிறகு குடிக்கிறேன் என்றான்.

மகாதேவா சார் முன் வரிசையிலிருந்து எழுந்தார். குரலை உயர்த்தவே இல்லை, ஆனாலும் மண்டபம் முழுக்கக் கேட்டது. "தம்பி, உங்கட எல்லை அறுபத்து மூன்றரை. நீங்கள் நிற்கிறது அறுபத்தொன்றில். இந்தச் சொம்பில் அரைக் கிலோ. இன்னும் நாலு சொம்பு குடித்தாலும் உங்களுக்கு இடம் இருக்கு. பிறகு ஏன் யோசிக்கிறீர்கள்?"

மண்டபத்தில் இருந்தவர்கள் சேதுவைப் பார்த்தார்கள். பொம்பளைகள் கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. அம்மன் கூழை வேண்டாம் என்கிறவன் யார்? சேதுவின் நெற்றியில் வேர்த்தது. என்ன செய்ய என்று கேட்பதுபோல அவன் ஒரு ஆளைத் திரும்பிப் பார்த்தான். தன் மேனேஜரை இல்லை.

வீரன் மாஸ்டரைப் பார்த்தான்.

எதிராளியின் கோச்சிடம் யாராவது அனுமதி கேட்பார்களா? எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. பெயிண்டே காயாத தராசில் பழைய சாக்குக்கட்டிக் கோடு எப்படி இருக்கும்? பெயிண்ட் அடித்த பிறகு போட்ட கோடு அது. அகிலன் அதைத் தாண்டி ஏறிவிடாமல் தினமும் பார்த்துக்கொள்வதற்குப் போட்டது. என் துப்பட்டாவுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

வசீகரன் வேறு, "குடி லா, சாமி விஷயம், என்னா யோசன," என்று அதட்டினார். சேது சொம்பை வாங்கினான். குடித்தான்.

அறுபத்தொன்று புள்ளி ஐந்து.

இன்னொரு தரம் ஏற வேண்டும், ஒரு மணி நேரம் கொடுங்கள் என்று சேது கேட்டான். வாரியத்து அதிகாரி அவனை விநோதமாகப் பார்த்தார். எல்லையைத் தாண்டியவனுக்குத்தான் இரண்டாம் வாய்ப்பு, நீ இரண்டு கிலோ குறைவாக அல்லவா இருக்கிறாய் என்றார். எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டார். நாளைய சண்டையில் 63.5 பெல்ட் மட்டும்தான் பந்தயம். அகிலனுடைய பெல்ட் பத்திரம். ஜெயித்தாலும் தோற்றாலும் மணிலா அவனுக்குத்தான்.

மண்டபத்துக்குப் பின்னால், கைகழுவும் இடத்தில், சார் வீரன் மாஸ்டரிடம் பேசினார். அகிலனும் உஷாராணியும் பக்கத்தில் நின்றார்கள். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்த உஷாராணியை, சாமி கடனைத் தள்ளிப் போட்டால் பிள்ளைக்குத் திரும்பவும் வரும் என்று பயமுறுத்தியது நீங்கள்தானே என்று கேட்டார். மாஸ்டர் மறுக்கவில்லை.

"மணிலாவுக்கு வேற கோச்சாம்," என்றார் அகிலனைப் பார்த்து. "மணிலாக்காரனுங்க ஆளாம். நீ கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்ட. என்னைய ஒரு வார்த்த கேட்டியா? பத்து வருஷம் ரெண்டு பஸ் மாறி வந்தேன். சேது என்னைய கூட்டிட்டுப் போறேன்னான்."

எனக்கு அந்த மனுஷன்மேல் பரிதாபமும் வந்தது, அருவருப்பும் வந்தது. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. அகிலன் அந்தக் கையெழுத்தைப் பற்றி அவரிடம் முதலிலேயே பேசியிருக்க வேண்டும். அதற்காகப் பிழைத்து வந்த பிள்ளையின் பேரை வைத்தா விளையாடுவது?

உஷாராணிதான் உடைந்துபோனாள். அப்படியானால் தன்னுடைய வேண்டுதலே பொய்யா என்று சாரைக் கேட்டாள். கைகளில் கூழ் வழிந்தபடி இருந்தது.

"வேண்டிக்கொண்டது நீங்கள். பட்டினி கிடந்தது உங்கட அவர். அதில் ஒரு பொய்யும் இல்லை," என்றார் சார். அவர் இவ்வளவு மென்மையாகப் பேசி நான் கேட்டதில்லை.

அகிலன் வெடித்த உதட்டை நாக்கால் தொடப் போய், தொடாமல் நிறுத்திக்கொண்டான். வலது கை முஷ்டி மடங்கியிருந்தது. மணிக்கட்டில் மஞ்சள் கயிறு.

"காப்புக் கட்டுன கையால யாரையும் அடிக்கக் கூடாது மாஸ்டர்," என்றான். "நாளைக்கு மத்தியானம் அவுத்துருவாங்க."

வீரன் மாஸ்டர் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. அவர் காத்திருக்காமல் ராசாப் பக்கம் நடக்க ஆரம்பித்ததை நான் மண்டப வாசலிலிருந்து பார்த்தேன்.